தண்ணீர் கலக்காத வீட்டுப்பாடம்

உலகத்தில் எமனைக்கூட ஏமாற்றிவிடலாம், எங்கள் டெஸ்ட்டரை ஏமாற்ற முடியாது. எமனை சாவித்திரி ஏமாற்றியிருக்கிறாள். அதே சாவித்திரி ஒரு கறவை மாடு வைத்திருந்து, பாலில் அரைச் செம்புத் தண்ணீரை ஊற்றி எங்கள் சொசைட்டிக்குக் கொண்டுவந்திருந்தால் கதை வேறு மாதிரி போயிருக்கும். புருஷன் உயிரும் போய், பாலும் திரும்பிப் போயிருக்கும்.

டெஸ்ட்டர் என்பது அவர் வேலை. பெயர் என்ன என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கொழிஞ்சாம்பாறையிலிருந்து பஸ் ஏறினால், தென்னந்தோப்புகளைத் தாண்டி, தமிழ்நாட்டு எல்லைக்கு இந்தப் பக்கம், கேரளத்தில் ஒரு சின்ன ஊர். அந்த ஊர்ப் பால் சொசைட்டியில் வருகிற பாலையெல்லாம் சோதித்துப் பார்ப்பவர் அவர். அவருடைய சம்சாரமே அவரை "எங்கூட்டு டெஸ்ட்டரு" என்றுதான் சொல்லும். ஒல்லியான ஆள். வெள்ளைச் சட்டைப் பையில் ஒரு கண்ணாடிக்கூடு. அதில் கண்ணாடி இருக்காது, லேக்டோமீட்டர் இருக்கும். பாலில் மிதக்கவிட்டால் எத்தனை டிகிரி என்று காட்டும் கண்ணாடிக் குழாய் அது. இருபத்தெட்டு காட்டினால் சுத்தமான பசும்பால். குறையக் குறையத் தண்ணீர். கல்யாண வீட்டுப் பாயசத்தில்கூட அதை விட்டுப் பார்த்தார் என்று ஊரில் சொல்வார்கள். நான் கேட்டேன். "சேச்சே, பாயசத்துல மெதக்காதுங்க டீச்சர்" என்றார். விட்டுப் பார்க்காமல் இது எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை.

நான் வண்டிப்பெரியாரில் தேயிலை எஸ்டேட் லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில் பிறந்தவள். பி.எட். முடித்துவிட்டு வேலை இல்லாமல் இருந்தபோது, இந்த ஊர்ப் பஞ்சாயத்து ஒரு சாயங்கால வகுப்பு தொடங்கியது. பள்ளிக்கூடங்கள் ரொம்ப நாள் பூட்டிக் கிடந்து திறந்திருந்த சமயம். மூன்றாவது, நான்காவது படிக்கிற குழந்தைகளுக்கு வாசிக்கவே மறந்து போயிருந்தது. அவர்களை உட்கார்த்தி வாசிக்க வைப்பதுதான் என் வேலை. பஞ்சாயத்திடம் கட்டடம் இல்லை. சொசைட்டியின் முன்கூடம் சாயங்காலப் பால் அளந்து முடிந்ததும் காலியாகும். தரையைக் கழுவிவிட்டால் அதுதான் வகுப்பறை. ஈரத்தில் உட்கார முடியாதவர்கள் பால் கேனைக் கவிழ்த்து அதன்மேல் உட்காரலாம். பதினேழு பிள்ளைகள். நாலு நாளில் எனக்குப் பால் வாடை பழகிவிட்டது. டெஸ்ட்டர் பழகத்தான் நாள் எடுத்தது.

சாவி அவரிடம் இருந்தது. வகுப்பு முடிந்து பூட்ட வேண்டும் என்பதால் அவரும் கூடத்திலேயே உட்கார்ந்திருப்பார். உட்கார்ந்திருக்கிற மனுஷன் சும்மா இருக்க வேண்டுமே. முதல் நாள் நான் ஒரு பெண்ணை எழுப்பி, "ஏழும் எட்டும் எத்தன?" என்று கேட்டேன். அது விழித்தது.

"டீச்சர், கலக்காம சாம்பிள் எடுத்தா அப்படித்தானுங்க" என்றார் மூலையிலிருந்து.

"என்னண்ணே?"

"கேன்ல பாலு நிக்குதுன்னு வைங்க. ஆடை மேல நிக்கும், தண்ணி கீழ நிக்கும். நல்லாக் கலக்கிப்போட்டுத்தான் மொண்டு பாக்கோணும். கொழந்தைகளும் அப்படித்தானுங்க. அம்மணி, மூணு குதி குதிச்சுப்போட்டுச் சொல்லு பாக்கலாம்."

அந்தப் பெண் மூன்று முறை குதித்தது. "பதினஞ்சு!" என்றது.

பி.எட்.டில் குழந்தை உளவியல் என்று ஒரு தாள் முழுக்க எழுதித் தேறியவள் நான். அதில் குதிப்பது பற்றி ஒரு வரி கிடையாது. அன்றிலிருந்து என் வகுப்பில் கேள்வி கேட்டால் முதலில் டம் டம் டம் என்று மூன்று சத்தம் கேட்கும், அப்புறம்தான் பதில் வரும். ரோட்டில் போகிறவர்கள் உள்ளே மாவு இடிக்கிறோமா, நெல் குத்துகிறோமா என்று எட்டிப் பார்த்துவிட்டுப் போவார்கள்.

அவர் எப்பேர்ப்பட்ட ஆள் என்பதற்கு ஊரார் சொன்ன ஒரு சங்கதி போதும். ஒரு நாள் அவர் சம்சாரம் பால் கொண்டுவந்திருக்கிறது. லேக்டோமீட்டர் இருபத்தைந்தில் நின்றுவிட்டது. வரிசையில் முப்பது பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

"திருப்பி எடுத்துட்டுப் போ" என்றாராம்.

"ஏனுங்க, போசியக் கழுவுன தண்ணி அடியில நின்னுபோச்சுங்க. வேணும்னா ஊத்துனேன்?"

"வேணும்னு ஊத்துனாலும் வேண்டாம்னு ஊத்துனாலும் டிகிரிக்குத் தெரியாது அம்மணி. அடுத்த ஆளு!"

அந்த வாரம் முழுக்க வீட்டில் அவருக்குக் கடுங்காப்பிதான். பால் கேட்டால், "நம்மூட்டுப் பாலு ஆகாதுங்களே, சொசைட்டியில நிராகரிச்ச பாலுங்களே" என்று பதில் வந்ததாம். ஏழாம் நாள் மனுஷன் டீக்கடையில் போய்ப் பால் டீ கேட்டு, கண்ணாடிக்கூட்டைத் திறந்திருக்கிறார். டீக்கடைக்காரர் கையெடுத்துக் கும்பிட்டு, டீயைக் கையில் கொடுத்து, வெளியே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டாராம்.

இப்படிப்பட்டவர் கண்ணில் என் பிள்ளைகளின் வீட்டுப்பாடம் பட்டால் என்ன ஆகும்? நான் நோட்டுகளைத் திருத்தி அடுக்கிவைப்பேன். அவர் ஒவ்வொன்றாக எடுத்து, வெளிச்சத்தில் பிடித்து, மோந்து பார்ப்பார். நிஜமாகவே மூக்கை வைத்து மோந்து பார்ப்பார்.

"இது இந்தப் பொடுசு எழுதுனதில்லீங்க. அக்கா கை."

"எப்படிண்ணே சொல்லுதிய?"

"கொழந்தை எழுதுனா அழிச்சு அழிச்சு எழுதும், தாளு நைஞ்சிருக்கும். இது பாருங்க, வழுவழுன்னு இருக்குது. தண்ணி கலந்த பாலுக்கும் இதே பளபளப்புதானுங்க."

அக்காவை விசாரித்தால் உண்மையாக இருக்கும். அப்பா எழுதிக்கொடுத்தது, பக்கத்து வீட்டு ஆன்ட்டி வரைந்துகொடுத்தது எல்லாவற்றையும் கண்டுபிடித்துத் திருப்பி அனுப்புவார். குழந்தையே எழுதியிருந்தால் பிழைகளைப் பார்க்கவே மாட்டார். மூலையில் பென்சிலால் 28 என்று போடுவார். இதனாலும் ஒரு நாள் வம்பு வந்தது. தர்ஷினியின் அம்மா நோட்டோடு ஓடிவந்தார். தர்ஷினிதான் வகுப்பிலேயே நன்றாக வாசிக்கிறவள், பேப்பரைக் கொடுத்தால் விளம்பரம்வரை வாசிப்பாள்.

"ஏனுங்க டீச்சர், எம்பொண்ணு நல்லாப் படிக்கறான்னு சொன்னீங்க. நூத்துக்கு இருபத்தெட்டு போட்டிருக்குது?"

இருபத்தெட்டுக்கு மேல் மார்க்கே கிடையாது என்று அந்த அம்மாவுக்குப் புரியவைக்க எனக்கு அரைமணி நேரம் ஆனது. முப்பத்திரண்டு வாங்கினால் என்ன என்று கேட்டார். டெஸ்ட்டர் முகம் கருத்துவிட்டது. "அப்படி வந்தா சக்கரையோ உப்போ கலந்திருக்குதுன்னு அர்த்தமுங்க" என்றார்.

எல்லாம் சிரிப்பாகத்தான் போய்க்கொண்டிருந்தது, சொசைட்டி பிரசிடெண்டின் பேரன் நோட்டு வரும்வரை.

பிரசிடெண்ட் பெரிய தோப்புக்காரர், நல்ல மனுஷர், வாய் மட்டும் பெரிது. பேரன் கவின் நான்காவது படித்தான். "எம்பேரன் டெய்லி பேப்பர் படிக்கறானுங்க" என்று பிரசிடெண்ட் போகிற இடமெல்லாம் சொல்வார். கவின் நோட்டு அச்சடித்த மாதிரி இருக்கும். டெஸ்ட்டர் அதை மோந்துகூடப் பார்க்கவில்லை. "திருப்பியாச்சு" என்று எழுதிவிட்டார். மறுவாரம், அதற்கு மறுவாரம், மறுபடி மறுபடி திருப்பியாச்சு.

பிரசிடெண்ட் நேரில் வந்தார். "டெஸ்ட்டரு, எங்கூட்டுப் பாலை என்னிக்காச்சும் திருப்பியிருக்கறயா?"

"இல்லீங்க. உங்கூட்டுப் பாலு சுத்தமுங்க."

"அப்பறம் எங்கூட்டு நோட்டுக்கு என்ன கொறைச்சல்?"

எதற்கும் பதில் வைத்திருக்கிற டெஸ்ட்டர், அன்று துடைப்பத்தை எடுத்து, கழுவி முடித்த தரையையே மறுபடி தள்ளத் தொடங்கினார். பிரசிடெண்டுக்குக் கோபம் தலைக்கேறியது. என் பக்கம் திரும்பினார்.

"டீச்சர், மாட்டுத் தீவன மூட்டை போட எனக்கு எடமில்லீங்க. கமிட்டிக்காரங்க இந்தக் கூடத்தைக் கேட்டுக்கிட்டே இருக்கறாங்க. அடுத்த மாசம் பஞ்சாயத்துல படனோற்சவம் வருதில்லீங்களா, செண்டருக்கு ஒரு கொழந்தை மேடையேறி வாசிக்கோணும்னு? எம்பேரன் போகட்டும். வாசிச்சு நம்ம செண்டர் பேரக் காப்பாத்துனா வகுப்பு நடக்கட்டும். இல்லாட்டி ஒண்ணாந்தேதி மூட்டை வந்து எறங்கும்."

படனோற்சவம் என்பது செண்டர் என்று சொல்கிற இந்தச் சாயங்கால வகுப்புகளில் பிள்ளைகள் படித்ததை ஊர் கூட்டிக் காட்டுகிற விழா. எனக்குப் பெரிய கவலை வரவில்லை. கவின் கெட்டிக்காரன், பாடத்தை மளமளவென்று சொல்வான். அவர் போனதும் அவனைக் கூப்பிட்டு, அவன் பார்த்திராத ஒரு புத்தகத்தைத் திறந்து கொடுத்தேன். கவின் மூன்று முறை குதித்தான். புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு மளமளவென்று வாசித்தான். அருமையான வாசிப்பு. ஆனால் அவன் வாசித்தது போன வாரம் நான் நடத்திய பாடம். கையில் இருந்த பக்கத்தில் வேறு கதை.

அவனுக்கு ஒரு எழுத்தும் தெரியாது. ஒரு முறை காதில் கேட்டால் மனப்பாடம். வீட்டில் நோட்டு எழுதிக் கொடுப்பதே அவன் அம்மாதானாம்; அடுப்படியில் பேப்பரையும் வாசித்துச் சொல்லுமாம், அவன் வாசலுக்கு வந்து தாத்தா முன்னால் விரித்துப் பிடித்து ஒப்பிப்பானாம். நாலு மாசமாக இவன் என் கண் முன்னால் உட்கார்ந்திருந்தான். டீச்சர் என்று என்னைக் கூப்பிடுகிறார்கள். வெட்கத்தில் என்ன செய்வதென்று தெரியாமல் நோட்டுகளை அடுக்கினேன்.

"மொத நாளே தெரியுமுங்க" என்றார் டெஸ்ட்டர், பிள்ளைகள் போன பிறகு. "அவன் கண்ணு எழுத்து மேல ஓடலீங்க."

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாமில்லண்ணே?"

"சொல்லியிருக்கோணும். வாய் வரலீங்க. நானும் அஞ்சாவது வரைக்கும் இதே மாதிரி ஓட்டுனவன்தான். ஒரு நாள் பள்ளிக்கூடத்து ஆண்டு விழாவுல மேடையேத்தி வாசின்னுட்டாங்க. மைக்கு முன்னால நின்னேன், நின்னேன், நின்னுக்கிட்டே இருந்தேன். அல்லாரும் சிரிச்சாங்க. எறங்கி ஊட்டுக்குப் போனவன்தானுங்க, பொறகு பள்ளிக்கூடத்துப் பக்கமே போகல. எழுத்தெல்லாம் இந்த சொசைட்டிக்கு வந்துதான் கத்துக்கிட்டேன், மாட்டுக்காரங்க பேரெழுதோணுமே."

அவர் அப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை. சொல்லிவிட்டு உடனே எழுந்து கேன் மூடிகளை எண்ண ஆரம்பித்துவிட்டார்.

மறுநாளிலிருந்து கவினை அவர் தனியாக எடுத்துக்கொண்டார். கேன் மூடியில் சாக்பீஸால் எழுதுவார், மூடியைத் திருப்பித் திருப்பிக் காட்டுவார். தீவனச் சாக்கில் அச்சடித்த எழுத்து, சுவரில் ஒட்டிய மாடுகளுக்கான கோமாரி ஊசி நோட்டீஸ், எல்லாம் பாடப் புத்தகம்தான். மூன்று வாரத்தில் பையன் எழுத்துக் கூட்டத் தொடங்கினான். கூட்டுவான், ஆனால் ஒரு வரிக்கு ஒரு யுகம் ஆகும். மேடையில் ஒரு பக்கம் முழுக்க வாசிக்க வேண்டும். அதுவும் எந்தப் பக்கம் என்று அங்கே போன பிறகுதான் கொடுப்பார்கள். கவினை அனுப்பினால் ஊர் முன்னால் அவமானம். தர்ஷினியை அனுப்பினால் மூட்டை வந்து இறங்கும். எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்த நேரம் பார்த்து எங்கம்மாவுக்குக் கண் ஆபரேஷன். வண்டிப்பெரியாருக்குக் கிளம்ப வேண்டும்.

"வாசிக்கற கொழந்தை பேரெழுதற ஃபாரத்தை எங்கிட்டக் குடுங்க. நான் எழுதி அனுப்பிக்கறேன்" என்றார் டெஸ்ட்டர்.

"யார் பேரண்ணே எழுதப் போறிய?"

"போயிட்டு வாங்க டீச்சர்."

விழாவன்று ஊரிலிருந்து நேராக பஸ் மாறி மாறி மண்டபத்துக்கு வந்து சேர்ந்தேன். வாசலில் எங்கள் சொசைட்டி பால் டெம்போ நின்றது. அதில் காலி கேன்களுக்கு நடுவிலிருந்து பிள்ளைகள் இறங்கினார்கள். இறங்கினார்கள், இறங்கிக்கொண்டே இருந்தார்கள். பதினேழு பேர்.

மேடைக்குக் கீழே பெயர்களைச் சரிபார்த்த அதிகாரி அம்மா, ஃபாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு திகைத்து நின்றார். பெயர் எழுத வேண்டிய ஒற்றைக் கட்டத்தில் பதினேழு பெயர்கள், இடம் போதாமல் பின்பக்கம் வரைக்கும்.

"சேட்டா, ஒரு குட்டி மதி!" என்றார், ஒரு குழந்தை போதும் என்று.

டெஸ்ட்டர் கும்பிட்டார். "தப்புத்தானுங்க அம்மணி. ஆனா எங்க சொசைட்டியில தனி மாட்டுப் பாலை வெளிய அனுப்பற வழக்கமில்லீங்க. டெஸ்ட்டு ஒவ்வொண்ணாப் பண்ணுவோம். அனுப்பறப்ப கேனுதான் போகும்."

"எந்தா?" என்றார் அந்த அம்மா, என்ன சொல்கிறார் என்று புரியாமல். டெஸ்ட்டர் மறுபடி சொன்னார். மூன்றாம் முறை சொல்ல ஆரம்பித்தபோது அந்த அம்மா நெற்றியைப் பிடித்துக்கொண்டு, அஞ்சு நிமிஷத்துக்கு மேலே ஒரு நொடி கிடையாது, ஒருவர் வாசித்தாலும் பதினேழு பேர் வாசித்தாலும் எனக்கொன்றுமில்லை என்று மேடையைக் காட்டினார். முன்வரிசையில் பிரசிடெண்ட் உட்கார்ந்திருந்தார். என்ன நடக்கிறதென்று அவருக்குப் புரியவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

பக்கத்தைக் கொடுத்தார்கள். நத்தையைப் பற்றிய பாடம். ஆளுக்கு ஒரு வரி. நான் பிள்ளைகளிடம் தாளைக் கொடுத்துத் திரும்புவதற்குள் பதினேழு பேரும் சேர்ந்து மூன்று முறை குதித்தார்கள். மேடைப் பலகை ஆடியது, மைக் சாய்ந்து விழுந்தது, பின்னால் கட்டியிருந்த துணியில் ஒரு பக்கம் அவிழ்ந்தது. அதையெல்லாம் நிமிர்த்தி முடிக்க ஒரு நிமிஷம் போய்விட்டது.

வாசித்தார்கள். ஒவ்வொருவராக, ஒரு வரி, ஒரு வரி. கவின் பதின்மூன்றாவது. தாள் அவன் கைக்கு வந்தது. அவன் வரியில் மூன்றே வார்த்தைகள்: நத்தைக்கு அவசரம் இல்லை.

"ந..." என்றான். நிறுத்தினான். "நத்... தை..."

மண்டபம் காத்திருந்தது. பக்கத்தில் நின்ற தர்ஷினி கடைசி வரிக்காரி. அவள் பொறுக்க முடியாமல் அவன் காதில் சொல்ல வாயைத் திறந்தாள். கீழே நின்ற டெஸ்ட்டர் தலையை ஆட்டினார், வேண்டாம் என்று. அவள் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நத்தைக்கு..." என்றான் கவின். நேரம் முடிந்ததென்று மணி அடித்தது. அவன் கேட்கவில்லை. விரலை எழுத்தின்மேல் வைத்துத் தள்ளிக்கொண்டே போனான். "அ... வ... ச..." யாரோ ஒருவர் சிரிக்க ஆரம்பித்தார். பிரசிடெண்ட் திரும்பி ஒரு பார்வை பார்த்தார், சிரிப்பு நின்றது. "அவசரம்... இல்... லை. இல்லை." கவின் நிமிர்ந்து பார்த்தான். முழுதாக ஒரு தடவை சொன்னான்: "நத்தைக்கு அவசரம் இல்லை!"

அவ்வளவுதான். மேடையை விட்டு இறக்கிவிட்டார்கள். மிச்சம் நாலு பேர் வாசிக்கவே இல்லை. தர்ஷினி டெம்போவில் ஏறி ஒரு கேனுக்குப் பின்னால் உட்கார்ந்து அழுதாள். பரிசு வேறு செண்டருக்குப் போனது. பிரசிடெண்ட் நேராகப் போய்க் காரில் ஏறினார்.

"என்னண்ணே இப்படிப் பண்ணிட்டிய?" என்றேன். எனக்குக் கோபம்தான்.

"கேன்ல ஊத்திட்டா எந்தப் பாலு எந்த மாட்டுதுன்னு ஆருக்குங்க தெரியும்? பையனுக்கு ஒத்த வரிதான் வரும்னு நெனச்சேன். இத்தன நேரம் ஆகும்னு நெனைக்கலீங்க" என்றார். அப்புறம் போய் டெம்போவில் தர்ஷினி பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். அவர்கள் என்ன பேசினார்கள் என்று தெரியாது. ஊர் வந்து இறங்கியபோது அவள் கையில் லேக்டோமீட்டர் கூடு இருந்தது. ஒரு வாரத்துக்கு அவள்தான் சொசைட்டி டெஸ்ட்டர் என்று ஒப்பந்தமாம். அவள் அந்த வாரம் ஏழு பேர் பாலைத் திருப்பினாள்.

ஒன்றாம் தேதி சாயங்காலம் டிராக்டர் சத்தம் கேட்டது. பிள்ளைகள் எழுந்து நின்றார்கள். வாசலில் பிரசிடெண்டின் டிராக்டர், அதன் நிறையத் தீவன மூட்டை. டெஸ்ட்டர் கவிழ்த்திருந்த கேன்களை ஓரமாக நகர்த்தத் தொடங்கினார்.

டிராக்டரிலிருந்து கவின் மட்டும் இறங்கினான், கையில் நோட்டு. பிரசிடெண்ட் இறங்கவில்லை.

"மூட்டைய எங்கூட்டுக் கொட்டாயிலயே எறக்கிக்கறேன் டெஸ்ட்டரு" என்றார். பேரன் கையைக் காட்டி, "அந்த நோட்டைப் பாரு. ஆரும் கை வெக்கல. அவங்கம்மாவ அக்கட்டால உக்கார வெச்சுப்போட்டு நானே காவல் இருந்தேன்" என்றார்.

மூன்று வரி. அதில் ஆறு பிழை. அழித்து அழித்துத் தாளில் ஓட்டையே விழுந்திருந்தது. டெஸ்ட்டர் அதை ஜன்னல் பக்கம் கொண்டுபோய் வெளிச்சத்தில் பிடித்தார். மோந்து பார்த்தார். ரொம்ப நேரம் மோந்து பார்த்தார்.

"இருபத்தெட்டுங்க" என்றார். ஓட்டை விழாத மூலையாகத் தேடிப் பென்சிலால் போட்டார்.

பிரசிடெண்ட் தலையை ஆட்டிவிட்டு டிராக்டரைக் கிளப்பிக்கொண்டு போனார். எங்கள் வகுப்பு நடந்தது.

இப்போது நான் காந்தலூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் இருக்கிறேன். என் பிள்ளைகள் குதித்துவிட்டுத்தான் பதில் சொல்கிறார்கள், ஹெட்மாஸ்டர் காரணம் கேட்பதை நிறுத்திவிட்டார். இதை எழுதி முடித்ததும் டெஸ்ட்டருக்கு போனில் வாசித்துக் காட்டினேன். கடைசிவரை பொறுமையாகக் கேட்டார்.

"சாவித்திரி, பாயசம், டீக்கடை, அங்கெல்லாம் கொஞ்சம் தண்ணி இருக்குதுங்க டீச்சர்" என்றார். "இருபத்தாறு போடலாம்."

பல்கலைக்கழகத்தில் முதல் வகுப்பு வாங்கியவள் நான். அவரிடம் ஒரு தடவையாவது இருபத்தெட்டு வாங்க வேண்டும் என்ற ஆசை மட்டும் இன்னும் போகவில்லை.